கொட்டியும் கண்ணாடித் தொட்டியும்

அரும்பாவூருக்கு நாங்கள் முதன்முறை சென்றது மரச்சிற்பங்களைக் காண்பதற்காகத்தான். பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. வாகை, மா, வேம்பு என அம்மலைப்பகுதியில் கிடைக்கும் மரங்களை ஒரே துண்டாக எடுத்துக்கொண்டு, ஒட்டுப் போடாமல் உருவங்களைச் செதுக்கி எடுப்பது அவ்வூர்த் தச்சர்களின் மரபு. 2020ஆம் ஆண்டு அச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டிற்கும் அக்குறியீடு வழங்கப்பட்டது. நெட்டி, ஏரி குளங்களில் தானாக முளைக்கும் ஒரு நீர்த்தாவரம். மரத்தையும் நீர்ப்பூண்டையும் ஒரே வரிசையில் வைத்து அரசு மதித்த அச்செய்தியைப் படித்தபோது அதில் எங்களுக்கு வியப்பேதும் தோன்றவில்லை. பின்னால் தோன்றியது. அதற்குக் காரணம், நண்பர் வீட்டு முன்னறையில் நாங்கள் வைத்த ஒரு கண்ணாடித் தொட்டி.

எங்களுள் ஒருவருக்கு அரும்பாவூரில் பூர்வீக வீடு உண்டு. ஓய்வு நாள்களில் அங்கே கூடி, படித்த நூல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது எங்கள் வழக்கம். அப்படியொரு நாளில்தான், நீர்த்தாவரங்கள் நட்ட மீன்தொட்டி ஒன்றை அங்கு வைக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. ஜப்பானியரான தகாஷி அமானோ (1954-2015) அமைத்த தொட்டிகளின் படங்களைப் பார்த்துவிட்டு ஏற்பட்ட மயக்கம் அது. கல்லும் மரமும் பசும்புல்லும் சேர்ந்து, கண்ணாடிக்குள் ஒரு மலைச்சாரலே நிற்பது போன்ற படங்கள்! இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டி ஒன்றை வாங்கினோம். எழுபது லிட்டர் நீர் கொள்ளும். தோட்டத்து மண்ணில் மக்காத சாணத்தைக் கலந்து அடியில் பரப்பினோம். செடிக்கு எரு வேண்டுமல்லவா? சிற்பக்கூடத்தில் கழித்துப் போட்ட பச்சை வாகைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி நடுவில் நிறுத்தினோம். ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பினோம். கடையிலிருந்து கொண்டுவந்த 'கிரிப்ட்' என்ற செடியை நட்டு, அன்று மாலையே பன்னிரண்டு மீன்களையும் விட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் நீர் காப்பி டிக்காஷன் நிறத்திற்கு வந்திருந்தது. மரத்துண்டின் மேல் வெண்பூசணம் பஞ்சுபோல் படர்ந்திருந்தது. மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாலைக்குள் பன்னிரண்டும் மிதந்தன. பத்து நாள்களில் செடியின் இலைகளும் கூழாகிக் கரைந்தன. செடியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தோம்.

பன்னிரண்டு உயிர்களைக் கொன்ற குற்றவுணர்வுதான் எங்களை வரலாற்றின் பக்கம் திருப்பியது. எந்தப் பிழையைச் செய்தோம் என்று தேடப்போன இடத்தில், நாங்கள் எதிர்பாராத சிலரைச் சந்தித்தோம். அவர்களுள் ஒருவர், நம் ஔவையாரை ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திய ஒரு பாதிரியார்.

கண்ணாடிக்குள் ஒரு குளம்

அழகுக்காக மீன் வளர்ப்பது மிகப் பழைய வழக்கம். சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொன்மீன்களைக் குளங்களிலும் பின்னர்ப் பீங்கான் தொட்டிகளிலும் வளர்த்தனர். ஆனால் அங்கெல்லாம் நீர் அழுக்கானால் மாற்றியாக வேண்டும். நீரை மாற்றாமலே, செடியும் மீனும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்ளும் ஒரு சிற்றுலகைக் கண்ணாடிக்குள் அமைக்கலாம் என்ற எண்ணம் பிறக்க, வேதியியல் வளர வேண்டியிருந்தது.

1779ஆம் ஆண்டு, நெதர்லாந்தில் பிறந்த மருத்துவரான யான் இங்கென்ஹவுஸ் இங்கிலாந்தில் சில ஆய்வுகளை நடத்தினார். பசும் இலைகளை நீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்தால் இலைகளிலிருந்து குமிழ்கள் எழுந்தன. இருட்டில் வைத்தால் எழவில்லை. தாவரங்கள் காற்றைத் தூய்மைப்படுத்த வெளிச்சம் வேண்டும் என்பதை அவர் அவ்வாண்டே நூலாக வெளியிட்டார். பள்ளி ஆய்வகத்தில், முகவைக்குள் ஹைட்ரில்லாச் செடியைப் போட்டு, அதன்மேல் புனலையும் சோதனைக்குழாயையும் கவிழ்த்து, குமிழ்கள் எழுவதை எண்ணிக்கொண்டிருந்த நாள்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இங்கென்ஹவுஸின் வெயிலைத்தான் நாம் எல்லோரும் அந்தக் குழாயில் பிடித்தோம்.

அவருக்கு எழுபது ஆண்டுகள் கழித்து இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இதைத் தொட்டிக்குள் செய்து பார்த்தார். 1849ஆம் ஆண்டு, பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிக்கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்த்தாவரத்தையும் அவர் வைத்தார். சில காலத்தில் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கியது. தோல்வியென்று கலத்தைக் கவிழ்க்காமல், குளங்களில் இந்த அழுகலை யார் தின்கிறார்கள் என்று அவர் யோசித்தார். குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன, அவற்றின் முட்டைகளை மீன்கள் தின்றன, நீர் தெளிந்தது. இம்முடிவுகளை 1850ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டன் வேதியியல் கழகத்தில் அவர் படித்தார். தாவரம் நட்ட நன்னீர்த் தொட்டியின் பிறப்புச் சான்றிதழ் என்று அக்கட்டுரையைச் சொல்லலாம். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் 'அக்வேரியம்' என்ற நூலை எழுதினார். அச்சொல் வீடுகளுக்குள் நுழைந்தது.

வாரிங்டன் வைத்த அந்த வாலிஸ்நேரியா, நம் குளங்களுக்குப் புதியதன்று. நாடா போன்ற நீண்ட இலைகளோடு நீருக்கடியில் ஆடிக்கொண்டிருக்கும் அதன் இனத்தாவரங்களை நம் ஓடைகளிலும் காணலாம். அதன் பெண்பூ, சுருள்கம்பி போன்ற காம்பில் நீர்மட்டத்திற்கு எழுந்து வரும். ஆண்பூக்கள் செடியிலிருந்து அறுபட்டு மிதந்துசென்று அதனைச் சேரும். சேர்ந்தபின் காம்பு சுருண்டு பெண்பூவை மீண்டும் நீருக்கடியில் இழுத்துக்கொள்ளும். மருத நிலத்துப் புலவர்கள் இதைக் குனிந்து பார்த்திருந்தால் எத்தனை பாடல்கள் கிடைத்திருக்குமோ!

தரங்கம்பாடியின் மருத்துவரும் பாதிரியாரும்

இனி நம் கரைக்கு வருவோம். இலண்டனில் தொட்டி பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, அத்தொட்டிக்குள் வருங்காலத்தில் போகவிருந்த செடிகளும் மீன்களும் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறத் தொடங்கிவிட்டன. அரும்பாவூரிலிருந்து கிழக்கே காவிரிக் கழிமுகத்தில் இருக்கும் தரங்கம்பாடிதான் அந்தத் துறை. அப்போது அது டேனிஷ்காரர்களின் குடியேற்றம்.

1768ஆம் ஆண்டு யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்பவர் அங்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். உயிரினங்களுக்கு இரட்டைப்பெயர் முறையை வகுத்த லின்னேயஸின் நேரடி மாணவர் அவர். பின்னாளில் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 முதல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராகப் பணியாற்றி, 1785இல் மறைந்தார். வாய்க்கால் வரப்புகளிலும் குளக்கரைகளிலும் அவர் பறித்து உலர்த்திய செடிகள் ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் போயின. அவற்றுள் ஒன்று, நீண்ட ஒடுங்கிய இலைகளும், கயிறுபோல் முறுக்கிய செந்நிறப் பூமடலும் உடைய ஒரு சிறு சேற்றுச்செடி. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ரெட்சியஸ் அதை 1779இல் விவரித்து, முறுக்கைக் குறிக்கும் பெயரையே இட்டார். ஆம், இங்கென்ஹவுஸ் குமிழ்களை எண்ணிய அதே 1779! பின்னர் 1830இல் அது கிரிப்டோகொரைன் என்ற புதிய பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

கிரிப்டோகொரைன் என்பதைத்தான் மீன்கடைகளில் 'கிரிப்ட்' என்று சுருக்குகிறார்கள். நாங்கள் காசு கொடுத்து வாங்கி, கூழாகிவிட்டதென்று குப்பையில் எறிந்தது இப்பேரினத்துச் செடியையே. இதைப் படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி போதாதென்று இன்னொன்றும் வந்து சேர்ந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற அச்செடி நம் மருந்துப் பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு 'நாட்டு அதிவிடயம்' என்று பெயர். இமயத்தில் விளையும் அதிவிடயத்திற்கு மாற்றாக, இச்சேற்றுச்செடியின் கிழங்கைத் தமிழ் மருத்துவர்கள் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஒரே செடி நாட்டுமருந்துக் கடையில் உலர்ந்த கிழங்காகவும், வண்ணமீன் கடையில் பச்சை இலையாகவும் விற்பனைக்கு இருக்க, இரண்டு கடைக்காரர்களும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள்!

கோனிக்கைத் தொடர்ந்தவர்களும் சாதாரணர்கள் அல்லர். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் பாதிரியார் செடிகளையும் சேகரித்தார். தமிழ்-ஆங்கில அகராதியையும் தொகுத்தார். சொல்லையும் இலையையும் ஒரே பொறுமையோடு உலர்த்தி அடுக்கியவர் அவர். அவருக்கு ஐந்தாண்டுகள் முன்னதாக, 1771இல் வந்தவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். எங்கள் தேடலில் நாங்கள் சந்தித்த பாதிரியார் இவர்தான்.

பெர்லினில் மார்கஸ் எலியேசர் ப்ளாக் என்ற மருத்துவர் உலகின் மீன்களையெல்லாம் வண்ணப்படங்களோடு நூலாக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன்களைப் பதப்படுத்தி அனுப்பிவந்தவர் ஜான். விராலும் தேளியும் இன்று தாங்கியிருக்கும் அறிவியல் பெயர்கள் 1793, 1794ஆம் ஆண்டுகளில் ப்ளாக் இட்டவை. நன்றிக்கடனாக ஒரு கடல்மீன் பேரினத்திற்கு ஜானின் பெயரையே 'ஜானியஸ்' என்று சூட்டினார் ப்ளாக். அதிலுள்ள ஓர் இனத்தின் பெயர் 'கருட்டா'. இலத்தீன் அன்று, மீனவர்கள் சொன்ன 'கருத்த கத்தாழை'யின் முதற்பாதிதான் அது! கரையில் நின்ற யாரோ ஒரு மீனவர் சொன்ன சொல், பெர்லின் வழியாக உலக அறிவியலுக்குள் நுழைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருக்கிறது.

அதே ஜான்தான் வங்காள ஆசியக் கழகத்தின் 'ஏஷியாடிக் ரிசர்ச்சஸ்' ஏழாம் தொகுதியில் ஔவையாரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அதில் ஆங்கிலமாயின. தரங்கம்பாடியின் மீன்களை பெர்லினுக்கும் தமிழகத்து ஔவையை கல்கத்தாவுக்கும் அனுப்பிய கை ஒன்றே. இலக்கியமும் நீர்நிலையும் அவருக்கு இரண்டு துறைகளாக இருந்திருக்க முடியாது. நமக்குத்தான் அவை பிரிந்துபோயின.

தரங்கம்பாடியின் மீன்கதைகளுள் புகழ்பெற்ற ஒன்றையும் சொல்லிவிடுவோம். 1791ஆம் ஆண்டு அங்கிருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, குளத்தருகே நின்ற பனைமரத்தின் வெடிப்பில், நீர்மட்டத்திற்கு மேலே, தொற்றி ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். இலண்டன் லின்னேயன் கழகம் 1797இல் அதை வெளியிட்டது. ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் இதை நம்புவதா வேண்டாமா என்று விவாதித்தனர். நம்மூரிலோ அம்மீனின் பெயரே பனையேறிக் கெண்டை! மேற்காற்றையே நேரடியாக உட்கொள்ளும் உறுப்பு அதன் தலைக்குள் இருப்பதால் தரையில் அது சிறிது தூரம் ஊர்ந்து செல்லக்கூடியது.

அதற்கு உறவான இன்னொரு சிறுமீனை 1831இல் கூவியே விவரித்தார். செம்புநிற மினுக்கம் கொண்ட அம்மீனுக்கு 'குபானஸ்' என்று பெயர். புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து கிடைத்ததால், 'குப்பம்' என்ற தமிழ்ச்சொல் மீனின் பெயராயிற்று.

களையும் சரக்கும்

இத்தனை செடிகளும் மீன்களும் இங்கே இருந்தும், தாவரத்தொட்டி என்ற கலை இங்கே பிறக்கவில்லை. வாசல் தாண்டினால் குளம் இருக்கும்போது வீட்டுக்குள் ஒரு குளம் எதற்கு? சென்னைக் கடற்கரையில், அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சியால் 1909இல் ஒரு மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். அது கடல்மீன்களின் காட்சியகமாகத்தான் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. பிற்காலத்தில் சென்னைக் கொளத்தூர், வண்ணமீன் வளர்ப்பால் நாடெங்கும் அறியப்பட்ட இடமாக வளர்ந்தது. அங்கும் மீனே முதன்மை, செடி துணை.

செடிகளின் பயணம் வேறு திசையில் நடந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்த ஒரு வண்ணமீன் வணிகர், இலங்கையிலிருந்து ஒரு நீர்த்தாவரத்தை வரவழைத்தார். 'இந்திய நட்சத்திரக் கொடி' என்பது அதற்கு இடப்பட்ட வணிகப்பெயர். சரக்கு மனத்துக்குப் பிடிக்காததால் அதை வாய்க்காலில் எறிந்துவிட்டார் என்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் பள்ளி ஆய்வகத்து ஹைட்ரில்லாதான். பத்தே ஆண்டுகளில் அது ஃபுளோரிடாவின் ஆறுகளில் பரவியது கண்டறியப்பட்டது. அதை ஒழிக்க இன்றுவரை அங்கே பெரும்பணம் செலவாகிக்கொண்டிருக்கிறது.

எதிர்த்திசையிலும் இதே கதை நடந்தது. அழகுச்செடியாகத் தென்னமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடியிருப்பதை யாரும் அறிவர். கொசுவை ஒழிக்க 1928இல் கம்பூசியா மீன் கொண்டுவரப்பட்டது. அது கொசுப்புழுவோடு நம் சிறுமீன்களின் குஞ்சுகளையும் தின்றது. அண்மைக் காலத்தில், தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி, வளர்ந்து பெருத்ததும் குளத்தில் விடப்பட்டு, மதுரை வண்டியூர்க் கண்மாய் உட்பட நம் நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. தொட்டியில் வளர்த்த உயிரை இரக்கப்பட்டு ஏரியில் விடுவது புண்ணியமாகத் தோன்றும். ஏரிக்கு அது கேடு.

ஓரிடத்தின் களை இன்னோர் இடத்தின் சரக்கு. சரக்கு எல்லை மீறினால் மீண்டும் களை. தொட்டி வைப்பவர் இச்சுழலின் நடுவில் நிற்கிறார். இதை உணர்ந்தபின் இரண்டாம் முறை தொட்டி வைக்கும்போது, கடைக்குப் போகும் முன்னர் ஏரிக்குப் போவது என்று முடிவு செய்தோம்.

இரண்டாம் முறை

முதலில் எங்கள் பிழைகளைப் பட்டியலிட்டோம். பன்னிரண்டு மீன்களைக் கொன்றது அம்மோனியா. மக்காத சாணத்திலிருந்தும் மீன்களின் கழிவிலிருந்தும் வந்த நஞ்சு அது. அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் குளத்துச் சேற்றில் எப்போதும் உண்டு. புதுத்தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். 1890 வாக்கில் விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் இந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நாங்கள் அவற்றுக்கு ஒரு மாலைப்பொழுதுகூடக் கொடுக்கவில்லை. வாகைத் துண்டோ பச்சை மரம். அதன் சாறும் மாவுச்சத்தும் பூசணத்துக்கு விருந்தாயின. பல ஆண்டுகள் உலர்ந்த வைரம் பாய்ந்த கட்டையை வாரக்கணக்கில் நீரில் ஊறவைத்து, நிறம் இறங்கிய பிறகே வைக்க வேண்டும். கிரிப்டின் இலை கரைந்தது சாவே அன்று. இடம் மாறினால் பழைய இலைகளை உதிர்ப்பது அதன் இயல்பு. வேர்க்கிழங்கு உயிரோடிருக்கும். மூன்று வாரம் பொறுத்திருந்தால் புதிய இலை வந்திருக்கும்.

டயானா வால்ஸ்டட் 1999இல் எழுதிய நூலொன்று, சாதாரண மண்ணைக் கொண்டே தாவரத்தொட்டி அமைக்கும் முறையை விளக்கியது. அதைப் பின்பற்றினோம். எரு கலவாத வயல்மண்ணைச் சலித்து, ஓரங்குலத்துக்குப் பரப்பினோம். அதன்மேல் ஓரங்குலம் ஆற்றுப் பருமணல். நைஸ் மணலாயின் இறுகிப்போய் அடியில் அழுகல் வாடை கிளம்பும். மணலின் மேல் ஒரு தட்டை வைத்து அதன்மீது நீரை மெல்ல வார்த்தால் மண் கலங்காது. விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் எரித்தால் செடியைவிடப் பாசிக்குக் கொண்டாட்டம். நீர் சூடேற்றும் கருவி நம் ஊருக்குத் தேவையில்லை.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளைப் படிவு நிற்கும். மெல்நீர் விரும்பும் செடிகளை அதில் வளர்க்க முயல்வது வீண். வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் அப்படியல்ல. கரிமத்தை நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. நீருக்கேற்ற செடியைத் தேர்ந்தெடுப்பதே பாதி வெற்றி. முதல் நாளிலேயே நெருக்கமாக நட வேண்டும். செடி அதிகமிருந்தால் அம்மோனியாவை அதுவே உண்டுவிடும்.

பக்கத்து ஏரியின் ஆழமில்லாத ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடி ஹைட்ரில்லா, சில நாடாச்செடிகள், நீர்ப்பிரமிக் கொடி ஆகியவற்றை எடுத்தோம். நீள்வட்ட இலைகள் மிதக்க, நீருக்கு மேலே சிறு கதிர்போல் பூத்து நின்ற ஒரு செடியின் இரண்டு கிழங்குகளையும் அகழ்ந்தோம். அலசிச் சுத்தம் செய்து நட்டோம். முதல் மூன்று வாரம் வெறும் செடிகள். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். பிறகு வாரிங்டனை நினைத்துக்கொண்டு நான்கு நத்தைகள். ஆறாம் வாரம், ஆறே ஆறு அரியாங்குப்பத்து மீன்கள். அவற்றுள் ஒன்றுகூட இறக்கவில்லை. வெயில் சாயும் பிற்பகல்களில் ஹைட்ரில்லாவின் நுனிகளிலிருந்து குமிழ்கள் சரம் சரமாக எழும்போது, பேச்சை நிறுத்திவிட்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்பாயி சொன்னது

நான்காம் மாதம் அந்தக் கிழங்குச்செடி மட்டும் வாடத் தொடங்கியது. இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்துக் கழன்றன. கடைசியில் மொட்டைக் கிழங்கு மட்டும் மணலில் கிடந்தது. இது நிச்சயமாகச் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, இரண்டு கிழங்குகளையும் எடுத்துக் கொல்லையில் வீசினோம். கிரிப்ட் கற்றுக்கொடுத்த பாடம் அதற்குள் மறந்துவிட்டது!

நண்பரின் அப்பாயி அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "ஏந்தம்பி, கொட்டிக்கெழங்கையா தூக்கிப் போட்டீங்க? இது தூங்குதுப்பா. ஏரி வத்துனா சேத்துக்குள்ள இப்படித்தான் கெடக்கும். மழ பேஞ்சா தானா எந்திரிக்கும். பஞ்சத்துல இத அவிச்சுத்தான் தின்னோம்" என்றார்.

கொட்டி! அச்சொல் எங்களை அறைந்தது. மூதுரையில் ஔவையார் சொல்லும் கொட்டியல்லவா இது? குளம் வற்றியதும் பறவைகள் பறந்துபோய்விடுகின்றன. கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் குளத்தோடே கிடக்கின்றன. உண்மையான உறவும் அப்படிப்பட்டதே என்ற அப்பாடலைப் பள்ளிப்பருவம் முதல் மனப்பாடமாகச் சொல்லிவருகிறோம். மேடைகளில் விளக்கியிருக்கிறோம். ஆம்பலை அறிவோம், நெய்தலை அறிவோம். கொட்டி எது என்று ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை. "ஒரு நீர்த்தாவரம்" என்று உரைநூல் சொன்னதோடு சரி. ஏரியில் கையால் அகழ்ந்தபோதும் தெரியவில்லை. தொட்டியில் நான்கு மாதம் கண்ணெதிரே வளர்த்தபோதும் தெரியவில்லை.

அது தாவரவியலில் அப்போனோஜெட்டான் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதன் உறவினங்கள் உலகெங்கும் மீன்கடைகளில் கிழங்காக விற்கப்படுகின்றன. கோனிக்குக்குப் பின்வந்த வில்லியம் ராக்ஸ்பரோ, 1795இல் வெளிவரத் தொடங்கிய தமது கோரமண்டல் தாவர நூலில் இதைப் படத்தோடு சேர்த்து, இக்கரையின் மக்கள் இக்கிழங்கை விரும்பி உண்பதையும் குறித்திருக்கிறார். நீர் வற்றும் பருவத்தில் இலைகளை விட்டுவிட்டுக் கிழங்குக்குள் ஒடுங்கி உறங்குவது அதன் இயல்பு. தொட்டியில் நீர் வற்றாவிட்டாலும் உறங்கும் காலம் வந்தால் அது உறங்கும். புதிதாகத் தொட்டி வைப்போர் பலர் செத்துவிட்டதென்று எறிந்துவிடும் செடிகளுள் இதற்கு முதலிடம் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தோம்.

ஔவையாரின் உவமையில் கொட்டி ஏன் வருகிறது என்பது இப்போது புரிந்தது. வற்றிய குளத்தின் வெடித்த சேற்றைப் பார்ப்பவனுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. பறவை போனது கண்ணுக்குத் தெரியும். கொட்டி இருப்பது தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் உடனிருப்பதைத்தான் அவர் உறவு என்கிறார். குளத்தில் இறங்கிக் கிழங்கெடுத்தவர்களோடு வாழ்ந்த ஒருவரால்தான் இவ்வுவமையைச் சொல்லியிருக்க முடியும். கேட்டவர்களுக்கும் அன்று உரை தேவைப்பட்டிருக்காது.

அப்பாயி அவ்விரண்டு கிழங்குகளையும் ஒரு மண்சட்டியில் சேற்றோடு புதைத்து, கொல்லை நிழலில் வைத்தார். அவ்வப்போது கொஞ்சம் நீர் தெளித்ததோடு சரி. ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வாரம் கழித்து நண்பர் தொலைபேசியில் அழைத்தார்: சட்டியில் நீர் நிரம்பியிருக்கிறது, இரண்டிலும் முளை வந்திருக்கிறது என்று.

ஏரியை நம்பி உண்டவர்களின் தலைமுறையோடு அதன் செடிகளின் பெயர்களும் போய்க்கொண்டிருக்கின்றன. நாட்டு அதிவிடயம் வளர்ந்த வரப்போரங்களில் களைக்கொல்லி அடிக்கிறோம். தூர் வாருகிறோம் என்று சேற்றை அடியோடு வழித்தெடுக்கும்போது, அதில் உறங்கும் கிழங்குகளும் விதைகளும் லாரியில் ஏறிச் சாலைக்குப் போகின்றன. தூர் வாருவது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏரியில் ஒரு மூலையையாவது கைவைக்காமல் விட்டால், மறு மழைக்கு அங்கிருந்து எல்லாம் மீண்டும் பரவும்.

முதல் தொட்டி வைக்கப்போகும் நண்பர்களுக்கு நாங்கள் சொல்லத்தக்கது இவ்வளவுதான். கடைக்குப் போகும் முன்னர் உங்கள் ஊர்க் குளத்துக்குப் போங்கள். அங்கே மிதக்கும் இலையைக் காட்டி வயதானவர் ஒருவரிடம் அதன் பெயரைக் கேளுங்கள், குறித்து வையுங்கள். பிறகு தொட்டியில் ஏதேனும் ஒரு செடி செத்துவிட்டது போலத் தோன்றினால், எறிவதற்கு முன் அவரிடமே இன்னொருமுறை காட்டுங்கள்.